சீலனும் நானும் கரடிக்குப் போன நாள்

வாங்கோ அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. தனி மனிசன்ர வீடு, பெரிய வடிவெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கதிரையில இருங்கோ, மற்றதுக்குக் கால் ஆடும்.

மோட்டல் வாங்கின அண்ணை நீங்கள்தானே? மரமில்லில சொன்னவங்கள். உங்கட ஆள் ஒருத்தர் டொரொண்டோவில இருந்து வந்து மோட்டலை எடுத்திருக்கிறார், கரடி வேட்டைக்குப் போக ஆசைப்படுறார், நீதான் விளங்கப்படுத்தோணும் எண்டு. இந்த மலைக்குள்ள கரடி வேட்டைக்குப் போன தமிழன் எண்டால் நான்தான். நானும் சீலனும்.

சொல்லுறன் அண்ணை. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? தொடங்கிறது ஒரு கஸ்ரமுமில்லை. முதல்ல கோர்ஸ் எடுக்கோணும். மார்லீன் எண்டு ஒரு மனிசி, மில் ஒஃபீசில வேலை, ரெண்டு சனிக்கிழமை சனசமூக மண்டபத்தில வைச்சுப் படிப்பிப்பா. துவக்கு வைச்சிருக்க வேற லைசென்ஸ், வேட்டைக்கு வேற லைசென்ஸ், கரடிக்கு அதுக்கு மேல இன்னொண்டு. மார்லீன் படம் காட்டுவா. கறுப்புக் கரடி எண்டு பேரே ஒழிய அது மண்ணிறத்திலயும் இருக்கும், நிறத்தை நம்பிப் போனால் பிழைச்சுப் போகும். தோளில திமில் மாதிரிக் கிடந்தால் அது கிரிஸ்லி எண்ட வேற இனம், அந்தப் பக்கமே போகக் கூடாது. குட்டியோட நிக்கிற கரடியையும் சுடக் கூடாது. அதுதான் பெரிய விசயம். குட்டி பத்தைக்குள்ள நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருக்கோணும். வேட்டையெண்டால் பாக்கிறது அண்ணை. வெடி வைக்கிறது ஒரு செக்கன் வேலை.

சோதினையில நான் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சீலன் எண்பத்தொண்டு. அவன் படிக்கேல்லை. நான்தான் காருக்குள்ள வைச்சுக் கேள்வி கேட்டுப் பாடமாக்கினனான்.

சீலன் ஆர் எண்டு கேட்கிறியளோ? பத்மசீலன். ஊர் கொடிகாமம். நான் மீசாலை. அங்கை ரெண்டு மைல் தூரத்தில இருந்து ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் வளர்ந்து, இஞ்சை வந்து ஒரே மில்லில பலகை அடுக்கினம். பதினொரு வருசம். இந்த ஊரில ரெண்டே ரெண்டு தமிழ் வீடு. அதில என்ரையை வீடெண்டு சொல்ல ஏலாது, என்ர மனிசி பிள்ளையளோட டொரொண்டோவிலதான். அவ குளிர் ஒத்துவராது எண்டு சொன்னவ. டொரொண்டோவில மட்டும் குளிரில்லையோ? சரி, அது வேற கதை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சாப்பாடு சீலன் வீட்டிலதான். வதனி, அவன்ர மனிசி, எனக்கெண்டு ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைச்சிருந்தவ. வேற ஆருக்கும் அதில போட மாட்டா.

பேந்து ஏன் கரடி எண்டு கேப்பியள். சொல்லுறன். ஓகஸ்ட் பிறந்தால் காணும், மில்லின்ர சாப்பாட்டு அறையில வெள்ளையளுக்கு வேற கதையில்லை. எந்தப் பக்கம் பழம் பழுத்திருக்கு, ஆர் எவ்வளவு பெரிசு பார்த்தவன், காத்து எப்பிடி. பெரிய மேசையில பத்துப் பேர். யன்னலோட ஒரு சின்ன மேசை, அதில நானும் சீலனும். ஒருத்தரும் எங்களை வரவேண்டாம் எண்டு சொன்னதில்லை. ஆனால் போய் இருந்தால் எதைக் கதைக்கிறது? அப்பதான் நான் சொன்னன், மச்சான், நாங்களும் போவம் எண்டு.

"உனக்கென்ன விசரோ?" எண்டு சீலன் கேட்டான். "கரடி எனக்கு என்னடா செய்தது?"

"நீ வராட்டில் நான் தனியப் போறன்."

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். பிறகு, "தனியப் போகாத. வாறன்" எண்டான். பாருங்கோ, நான் இழுத்துக்கொண்டு போகேல்லை. தானாத்தான் வந்தவன்.

இலையுதிர் காலத்தில கரடிக்கு ஒரே யோசினை சாப்பாடு. நித்திரைக்குப் போக முந்திக் கொழுக்கோணும். பழம் எங்கையோ கரடி அங்கை. மரம் வெட்டி ஏழெட்டு வருசமான வெளியளில ஹக்கிள்பெரி எண்ட காட்டுப்பழம் பத்தை பத்தையா நிக்கும். நான் ஓகஸ்ட் முழுக்கத் தனியச் சுத்தி ஒரு இடம் கண்டுபிடிச்சனான். மலைச் சரிவு, கீழ விழுந்த மரங்கள், எதிர்ப்பக்கத்தில இருந்து பார்க்க ஒரு மேடு. றோட்டில இருந்து ஏறிப்போக ஒரு மணித்தியாலம். போன வருசம் செப்டெம்பர் கடைசிச் சனி. விடிய ரெண்டு பேரும் வெளிக்கிட்டம். வதனி ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தவ. படியில நிண்டு, "குலா, இவருக்கு ரெண்டு மூண்டு நாளாக் களைப்பாக் கிடக்கு. பார்த்துக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டா. மில்லில ஆருக்குத்தான் களைப்பில்லை? ஓம் எண்டு சொன்னன்.

பத்தரை மட்டில கரடி வந்தது. கீழ் ஓரத்தில, தனிய. காத்து எங்கட முகத்துக்கு அடிச்சது. கொஞ்சம் மாவை ஊதிப் பார்த்தன், பின்னுக்குத்தான் போனது. திறம். நான் பைனாகுலரைக் கண்ணில வைச்சவன் முக்கால் மணித்தியாலம் எடுக்கேல்லை. இண்டைக்குக் கேட்டாலும் சொல்லுவன் அண்ணை. மூக்கு மண்ணிறம். நெஞ்சில கைவிரல் அளவு வெள்ளை. வலது காதில பழைய வெட்டு. இடது முன்னங்காலைக் கொஞ்சம் தாங்கித்தான் வைச்சது. கொப்பை வாயால இழுத்து இலையோட சேர்த்து உருவித் தின்னும். பழத்தைத் தின்னிறதில ஒரு அவசரமுமில்லை. குட்டி இல்லை. வடிவாப் பார்த்தன், இல்லை.

சுடுறதுக்கு நேரம் வர என்ர கண்ணாடி புகைஞ்சு போச்சு. கை நடுங்கினது எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ, கண்ணாடிதான். "சீலன், நீ சுடு. தோளுக்குப் பின்னால. கால் முன்னுக்குப் போகட்டும்." அவன் என்னைப் பார்த்தான். "நீதானே ஆசைப்பட்டனி?" எண்டான். "கெதியாச் சுடடா, போகப் போகுது" எண்டன். சுட்டான். ஒரே வெடி. கரடி இருபது அடி ஓடி ஒரு மரக்குத்தியோட விழுந்தது.

அரை மணித்தியாலம் பொறுத்துத்தான் கிட்டப் போகோணும், அதையும் எழுதி வையுங்கோ. போனம். சீலன் அதுக்குப் பக்கத்தில குந்தியிருந்து வெட்டு விழுந்த காதைத் தடவிக்கொண்டு இருந்தான். முகமெல்லாம் வேர்வை. நல்ல குளிர் நாள் அண்ணை, ஆனால் அவனுக்கு வேர்த்துக் கொட்டினது. முதல் வேட்டையில அப்பிடித்தான், எல்லாருக்கும் வேர்க்கும் எண்டு மார்லீனும் சொன்னவ.

வேட்டை முடிஞ்சால் அதுக்குப் பிறகுதான் வேலை. இறைச்சியை விட்டிட்டு வர ஏலாது. சட்டம் இருக்கு, தின்னக்கூடிய இறைச்சி முழுக்கக் கொண்டு வரோணும். தோல் உரிச்சு, நாலு துண்டாக்கி, முதுகு இறைச்சி வேறயா எடுத்து, துணிப் பையளுக்குள்ள போட்டு முதுகில சுமக்கிறது. ஆளுக்கு ரெண்டு நடை. முதல் நடையில இறங்கி வரேக்க சீலன், "மச்சான், நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்குது. ரொட்டிக்கு எண்ணெய் கூடிப் போச்சுப் போல" எண்டான். என்னட்டை நெஞ்செரிவுக்குப் போடுற அசிற் குளிசை இருந்தது, ரெண்டு குடுத்தன். இடது கையை உதறிக்கொண்டு வந்தான். பையின்ர வார் இறுக்குது எண்டு நினைச்சு நான்தான் வாரைத் தளர்த்தி விட்டன். நான் ஒண்டும் பார்க்கேல்லை எண்டு சொல்ல ஏலாது. வாரைத் தளர்த்தி விட்டனான்.

ட்றக்கில வைச்சிட்டு நிக்கேக்க, "மிச்சத்தை நாளைக்கு எடுப்பம் குலா" எண்டான்.

"நாளைக்கோ? வேற கரடி வந்து திண்டிடும். வெய்யிலும் அடிக்குது, இறைச்சி பழுதாப் போகும்."

"போகட்டுமேடா."

"போகட்டுமோ? அது குற்றம். மார்லீன் என்ன சொன்னவ?"

அவன் சிரிச்சான். மார்லீனின்ர பேரைச் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும், அவ என்னைக் கையைப் பிடிச்சுப் பாராட்டின நாளில இருந்து. "சரி, வா. உன்ர மார்லீனுக்காகத்தான் இந்த நடை" எண்டான். ரெண்டு பேரும் திரும்பி ஏறினம். நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. பிறகு டொக்டர் கேட்டார், சீலன்ர முகம் நிறம் மாறினதோ எண்டு. எனக்கு எப்பிடித் தெரியும்? முன்னுக்கு நடந்தவன் நான்.

மேல போய்ச் சுமையைத் தூக்கிக்கொண்டு இறங்கினம். பாதி வழிக்கு மேல இறங்கினாப் பிறகு ஒரு விழுந்த மரத்தில சீலன் இருந்தான். "நீ போ, நான் கொஞ்சம் ஆறிப்போட்டு வாறன்" எண்டான். "கெதியா வா" எண்டன். அவன்ர பையில இருந்தது பின்னங்கால், பெரிய துண்டு. என்ரயும் பாரம்தான். பாரமில்லாட்டில் அவனுக்குப் பக்கத்தில இருந்திருப்பன். நான் இறங்கி ட்றக்குக்கு வந்தன். அவன் வரேல்லை. கொஞ்சம் பிந்தித் திரும்பிப் போய்ப் பார்த்தன்.

செத்துப் போயிருந்தான் அண்ணை.

அதே மரத்தில முதுகைச் சாய்ச்சபடி. கூப்பிட்டன், அடிச்சன், நெஞ்சை அமத்தினன். வாயில ஊதினன். கை குளிர்ந்து போச்சு. அந்த இடத்தில ஃபோன் வேலை செய்யாது. அவனைத் தனிய விட்டிட்டு நாப்பது கிலோமீற்றர் ட்றக்கில ஓடி வந்துதான் பொலிசுக்கு அடிச்சனான். அவங்கள் வந்து, பிறகு தேடுதல் ஆக்கள் வந்து, அவனைக் கீழ இறக்கினாங்கள். அதுவரைக்கும் நான் றோட்டில நிண்டனான். ஆரோ என்ர தோளில ஒரு கம்பளியைப் போட்டு விட்டாங்கள்.

ஹார்ட் அற்றாக். முந்தியே ரத்தக் குழாய் அடைச்சிருந்ததாம். எப்ப எண்டாலும் வந்திருக்கும் எண்டு சொன்னாங்கள். மில்லில பலகை தூக்கேக்கயும் வந்திருக்கலாம். வீட்டில நித்திரையில வந்திருக்கலாம். அப்ப நான் என்ன பிழை செய்தனான்? சொல்லுங்கோ. நீங்கள் வெளி ஆள், பக்கம் சாயாமல் சொல்லுவியள்.

செத்தவீட்டுக்கு வன்கூவரில இருந்தும் ஆக்கள் வந்தவை. நான்தான் மண்டபம் பிடிச்சன், ஐயரைக் கூப்பிட்டன், எல்லாம் நான்தான். வதனி என்னோட ஒரு சொல் கதைக்கேல்லை. துக்கம் எண்டு விட்டன். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிஞ்சு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன். முறை தெரியாதவன் இல்லை நான். முப்பத்தொண்டு வரைக்கும் அந்த வீட்டு வாசலுக்கு மீன் இறைச்சி எண்டு ஒரு மச்சமும் போகக் கூடாது, அது எனக்குத் தெரியும். முப்பத்திரண்டாம் நாள், சீலன்ர பங்கை எடுத்துக்கொண்டு போனன்.

பங்குதான் அண்ணை, கரடி இறைச்சி. அவன் சுட்ட கரடி. சரி பாதி அவனுக்கு வரோணும். நான் வடிவாத் துண்டு துண்டா வெட்டி, பேப்பரில சுத்தி, ஒவ்வொண்டிலயும் திகதி எழுதி, நல்லா அவிய வைக்கோணும், இதில புழு இருக்கும் எண்டு ஒரு கடுதாசியும் பெட்டிக்குள்ள வைச்சனான். வதனி கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தா. "இதென்ன?" எண்டா. சொன்னன். அவ பெட்டியையும் என்னையும் பார்த்துக்கொண்டு நிண்டா. பிறகு, "குலா, அவர் எவ்வளவு நேரம் தனிய இருந்தவர்?" எண்டு கேட்டா.

"பத்து நிமிசம்" எண்டன்.

கதவைச் சாத்திப்போட்டா. படாரெண்டு இல்லை, மெல்ல. அதுதான் எனக்கு விளங்கேல்லை. கோபமெண்டால் ஏசலாம். நான் ஏச்சு வாங்கப் பயந்தவன் இல்லை. பெட்டி இப்பவும் ஃபிரீசருக்குள்ள கிடக்கு. என்ர பங்கை மில்லில குடுத்தன், அவன்ரயைத் தொடேல்லை.

மில்லோ? மில்லில எல்லாரும் நல்ல மாதிரி. நான் வேலைக்குத் திரும்பின நாள், பெரிய மேசையில ஒருத்தன் எழும்பி எனக்கு இடம் விட்டான். பதினொரு வருசத்தில முதல் தரம். போய் இருந்தன். ஒருத்தரும் கரடியைப் பற்றிக் கேட்கேல்லை. நானும் சொல்லேல்லை. யன்னலோட மேசை வெறுமையாக் கிடந்தது, நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் இருந்தன். இப்பவும் அப்பிடித்தான் இருக்கிறன்.

ஏப்ரலில வதனி வீட்டை வித்துப்போட்டுத் தமக்கையோட இருக்க டொரொண்டோவுக்கு வெளிக்கிட்டா. போற அண்டைக்கு மில்லுக்கு வந்தவ. சீலன்ர லொக்கரில கிடந்த சாமான் எடுக்க எண்டு. நான் கார் நிப்பாட்டுற இடத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்தன். ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு தேத்தண்ணிப் போத்தல், ஒரு சின்ன முருகன் படம். வாங்கிக் காருக்குள்ள வைச்சிட்டு, திரும்பி நிண்டு, "குலா, நான் கோபமாக் கேட்கேல்லை. அண்டைக்கு எவ்வளவு நேரம்?" எண்டா.

நான் திரும்பவும் அதையே சொன்னன். பத்து நிமிசம். கூடினால் பதினைஞ்சு.

அவ தலையை ஆட்டினா. "சரி" எண்டா. "உடம்பைப் பாருங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ." அவ்வளவுதான். போயிட்டா.

ரெண்டு கிழமைக்குப் பிறகு, பழைய கடுதாசியள் அடுக்கேக்க, பொலிசில நான் எழுதிக் குடுத்த வாக்குமூலத்தின்ர கொப்பி ஒண்டு கையில தட்டுப்பட்டது. அதில நான்தான் என்ர கையெழுத்தில எழுதியிருக்கிறன். நாலு பத்துக்கு ட்றக்குக்கு வந்தனான். அஞ்சு இருபத்தைஞ்சுக்குத் திரும்பிப் போனனான். கீழ ஒரு வரி அச்சடிச்சிருந்தது, ஒரு கொப்பி குடும்பத்துக்கும் அனுப்பப்பட்டது எண்டு. திகதி ஒக்ரோபர் நாலு. அந்தியேட்டிக்கு முந்தி. நான் பெட்டியோட வாசலில நிண்டதுக்கு முந்தி அண்ணை. அவவுக்குத் தெரியும். ரெண்டு தரமும் தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவ.

நடந்த நேரத்தைச் சேர்க்காமலே ஒரு மணித்தியாலமும் கால் மணியும். என்ர வாயால சொல்லுறது இதுதான் முதல் தரம்.

என்ன செய்தனான் எண்டு கேட்க மாட்டியள், நீங்கள் மரியாதையான ஆள். நானே சொல்லுறன். ஐஸ் பெட்டியில இறைச்சியை அடுக்கினனான். தண்ணி படக்கூடாது, காத்துப் போகோணும், அதுக்கொரு முறை இருக்கு. பிறகு கையைக் கழுவினன். கரடியின்ர தலையை ட்றக்கின்ர பின் கதவில வைச்சு, மில்லில காட்ட நாலு படம் எடுத்தன். வெளிச்சம் சரியில்லையெண்டு ட்றக்கைத் திருப்பி விட்டு இன்னும் ரெண்டு. பசிச்சது, ரொட்டி சாப்பிட்டன். ரெண்டு பேருக்குக் கட்டினது, ருசியாக் கிடந்தது, அவன்ரயிலயும் ஒண்டு எடுத்தன். அவன் களைப்பெண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு அங்கை குந்தியிருக்கிறான் எண்டு எனக்கு எரிச்சல். ஹோர்ன் அடிச்சன். மூண்டு தரம். நல்லா அமத்தி அடிச்சன். அந்த மரம் றோட்டில இருந்து கால் மணித்தியால நடைதான், அவனுக்கு வடிவாக் கேட்டிருக்கும்.

டொக்டர் உடனை போயிருக்கும் எண்டுதான் சொன்னவர். அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது எண்டு. வதனிக்கும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்கள். நானும் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கப் பார்க்கிறன்.

ஆனால் நான் போய்ப் பார்க்கேக்க, பை அவன்ர முதுகில இல்லை அண்ணை. கழட்டி, நிழல் பார்த்து, அந்த மரத்துக்குப் பின்னால வைச்சிருந்தான். ஈ இலையான் மொய்க்கக் கூடாது எண்டு தன்ர சேட்டைக் கழட்டி இறைச்சிக்கு மேல விரிச்சு, காத்துக்குப் பறக்காமல் நாலு மூலையிலயும் கல்லு வைச்சிருந்தான். பெனியனோட இருந்தான், அந்தக் குளிருக்குள்ள. பொலிஸ் வர முந்தி நான்தான் கல்லுகளை எடுத்துப்போட்டு, சேட்டை அவனுக்குத் திரும்பப் போட்டு, பொத்தான் பூட்டி விட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நாலு கல்லு, அண்ணை. அந்தச் சரிவில உடனை கல்லு கிடையாது. தேடித்தான் எடுத்திருக்கோணும்.